வேல்விழி கண்டெடுத்த இலை

கருப்பம்மாளின் மகள் வேல்விழி காலேஜ் சுற்றுலாவில் கண்டெடுத்த கல் அது. சாம்பல் நிறத்தில் உள்ளங்கை அகலம். அதன்மேல் விசிறி மாதிரி விரிந்து, நுனி கீறல் கீறலாய்ப் பிரிந்த ஓர் இலையின் அச்சு.

"இந்த மரம் இப்ப ஒலகத்துலயே இல்லம்மா. கல்லுல எலை மட்டுந்தான் மிச்சம். இதுக்குச் சொந்தம்னு கிங்கோன்னு ஒரே ஒரு வகை மரம் சீனாவுல நிக்குது" என்றாள் வேல்விழி.

"நம்ம சொந்தக்காரங்க மாதிரிதான். இருக்கும், ஆனா எட்டிப் பாக்காது" என்று சிரித்தார் அப்பா நாகையா.

அந்தச் சித்திரை லீவில் தாயில்பட்டிக்குப் பட்டாசு வேலைக்குப் போன வேல்விழி திரும்பவில்லை. அவள் பெயர் அச்சில் வந்தது ஒரே ஒரு தடவை, வெடிவிபத்தில் இறந்துபோனவர்கள் பட்டியலில்.

ஆறு மாதம் கழித்து அவள் காலேஜிலிருந்து யோகேஸ்வரி டீச்சர் போன் செய்தார். "வெள்ளிக்கிழமை வாறேன்மா. அந்தக் கல்லைக் காலேஜ்ல கண்ணாடி அலமாரியில வைக்கப்போறோம். கண்டெடுத்தது வேல்விழின்னு அட்டையில போடுவோம்."

மகள் பெயர் இன்னோர் இடத்திலும் இருக்கப் போகிறது. கருப்பம்மாளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? வெள்ளிக்கிழமை விடியவும் தலை முழுகினாள். இருக்கன்குடி மாரியை நினைத்து, சட்டியில் மஞ்சள் கரைத்து, கல்லை அதில் அமிழ்த்தி வைத்தாள். பிறகு அழுக்குப் போக மெல்லத் தேய்த்து, திருநீறு பூசி, வெயிலில் காயவைத்தாள்.

டீச்சர் வரும் நேரத்தில் கல்லை எடுத்தாள். இலை பதிந்த மேல் ஏடு அப்பளம்போல் நொறுங்கிக் கையோடு வந்தது. அடியில் வெறும் கல்.

அப்போதுதான் வந்த டீச்சர் அதை வாங்கி முகர்ந்து பார்த்தார். "குளிப்பாட்டுனீகளாம்மா?"

"ஆமா டீச்சர். புள்ள சாமான். சும்மா எப்படி அனுப்புறது?"

டீச்சர் கல்லைத் திருப்பிப் பார்த்தார். "களிமண்ணு இறுகுன கல்லும்மா இது. தண்ணி ஆகாது. போட்டோ ஏதும் எடுத்து வச்சிருக்காளா?"

"போன்ல எடுத்தா. போன் வேலைக்குக் கொண்டுபோன பையில இருந்துச்சு. பையும் கெடைக்கலை."

கருப்பம்மாள் முந்தானையை விரித்துத் துணுக்குகளைப் பரப்பி, ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்த்தாள். தொடத்தொட மாவாகப் போனது.

"விடு, கருப்பம்மா" என்றார் நாகையா.

"எலை இல்லாம அலமாரியில வைக்க மாட்டாகளா டீச்சர்?"

டீச்சரின் பையிலிருந்து அச்சடித்த அட்டை ஒன்று தலை நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அதை உள்ளே தள்ளி, பையை மூடினார்.