கரண்ட் இல்லையென்று திறந்த கிட்டார் பெட்டி

எழுதிப் பழகாத கை, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். சண்டைக் காலத்தில், எங்கள் ஊர் தன்னாமுனையில் என் கணவரின் சாவீட்டில், அவருடைய பழுதான கிட்டார் அம்பிளிஃபயரைப் பார்த்துப் பக்கத்து வீட்டு மச்சான், "இனி இதுக்குள்ள கோழி அடை வைக்கலாம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அதைத் திருத்தி, பெரிய ஸ்பீக்கரும் பூட்டி, அவர் வீட்டைப் பார்த்து வைக்க முடிவெடுத்தேன்.

கணவர் ஈயம் ஒட்டும்போது டோர்ச் பிடித்தவள் நான். அந்நாளில் கரண்ட் போனால் எப்போது வருமென்று தெரியாது. ஒரு பகல், கரண்ட் இல்லைதானே என்று பிளக்கைக் கழற்றாமல் அம்பிளிஃபயர் பெட்டிக்குள் கையை விட்டேன். கரண்ட் வந்துவிட்டது. கை ஒட்டிக்கொண்டது, கத்தினேன். ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கியவர் அதே மச்சான்தான்.

"என்னகா மச்சாள், உசிரோட இரிக்கியளா? இனி அடுப்படியோட நில்லுங்க."

"உங்கட காதுக்குத்தான் மச்சான் இந்த வேலை" என்றேன்.

பிறகு திருத்தி முடித்தேன். இப்போது கரண்ட் இல்லாவிட்டாலும் பிளக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டே பெட்டியைத் தொடுவேன். கிட்டார் வாசிக்கத் தெரியாது. விடியும்போது கணவரின் கிட்டாரில் தடித்த கம்பியை மட்டும் தட்டுவேன். மச்சானின் யன்னல் அதிரும். அவருக்கு வயதாகியும் காது நன்றாகக் கேட்கிறது.

பிளக்கைக் கழற்றினால் மட்டும் போதுமா என்று தெரிந்தவர்கள் சரிபார்த்து எழுதுங்கள். சத்தத்தை இன்னும் கூட்ட வழி உண்டா என்பதையும்.