அவசரமாக ஓர் எதிர்க்கட்சி தேவை

"அத்தான், எங்களுக்கு அவசரமா ஒரு எதிர்க்கட்சி வேணும்."

ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தபோது வந்த போன் இது. பேசியவர் செல்லதுரை. என் மனைவியின் தம்பி. கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர். நான் அப்போது பதுளை பஸாரில், ஒரு கையில் முட்டைக்கோவாவும் மறு கையில் லீக்ஸ் கட்டுமாக நின்றுகொண்டிருந்தேன். சமையலுக்கா, சிந்தனைக்கா என்று பார்ப்பவருக்குச் சந்தேகம் வரக்கூடிய கோலம்.

"எதிர்க்கட்சி எதுக்கு மாப்ள? ஒனக்குத்தான் வீட்டுலயே ஒண்ணு இருக்கே?"

"வெளையாடாதீங்க. நாலு பேருக்குக் காட்டுற மாதிரி ஒண்ணு வேணும்."

விஷயம் புரிய, செல்லதுரையின் தோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அந்தத் தோட்டத்தில் எல்லோரும் ஒரே கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள். எப்போதிலிருந்து? யாருக்கும் நினைவில்லை. ஏன்? யாரும் கேட்டதில்லை. கொழும்பில் சங்கத்துப் பெரியவர்கள் கூடி யாருக்கு ஆதரவு என்று முடிவெடுப்பார்கள். அது செல்லதுரைக்கு வரும். காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அவர் அதை அறிவிப்பார். முடிந்தது. சிந்தித்து வாக்களியுங்கள் என்று ரேடியோவில் சொல்லும்போது அந்தத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருப்பார்கள். சிந்திக்கிற வேலையைத்தான் கொழும்பில் பார்த்துவிட்டார்களே!

அமெரிக்காவிலும் இப்படிச் சில சின்ன மாநிலங்கள் உண்டாம். எப்போதும் ஒரே கட்சிதான். அதனால் வேட்பாளர்கள் அங்கே இறங்குவதே இல்லையாம், விமானத்தில் மேலாகப் பறந்து போய்விடுவார்களாம். எங்கள் ஆட்களுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. அந்தத் தோட்டத்துக்கு மேலாக விமானமும் போவதில்லை.

இதெல்லாம் பெரிய குறையா? குறைதான். தோட்டத்துக்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவே ஓர் ஓடை. அதன் மேலிருந்த பாலத்தை ஒரு மழைக்காலம் அடித்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து இரண்டு மரங்களைக் குறுக்கே போட்டு நடக்கிறார்கள். ஆட்டோ அக்கரையோடு நின்றுவிடும். நோயாளி என்றால் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து, ஓடையில் இறங்கித் தூக்கி வர வேண்டும்.

செல்லதுரையின் மகள் கவிதா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். தேர்தல் முடிந்த கையோடு பிரசவம். அது மழை பிடிக்கிற காலம்.

"நம்ம கட்சி அமைப்பாளருக்கு போன் போட்டேன் அத்தான். 'நீங்க நம்ம ஆளுங்க தலைவரே, ஒங்களப் பத்திக் கவலையே இல்ல'ங்கிறாரு. அதான் பிரச்சினையே. நம்மளப் பத்தி யாருக்கும் கவலையே இல்ல!"

எனக்கு நெஞ்சில் குத்தியது. காரணம் அரசியல் இல்லை, சொந்த அனுபவம். பத்திரிகைக்கு இந்தப் பத்தியை ஒரு வாரம்கூடத் தவறாமல் அனுப்பி வருகிறேன். ஆசிரியர் ஒரு நாள் என்னிடம் நலம் விசாரித்ததுண்டா? ஒரே ஒரு முறை காய்ச்சலில் தாமதமானது... அன்றைக்குப் பாருங்கள், அவரே போன் பண்ணி, "சார், சாப்பிட்டீங்களா?" என்றார்.

நான் கிளம்பிப் போனேன்.

கோயிலுக்கு முன்னால் கூட்டம். செல்லதுரை எழுந்து நின்று, தோட்டம் இரண்டாகப் பிரிய வேண்டியதன் அவசியத்தை விளக்கினார். தோட்டத்து வரிசை வீடுகளை லயம் என்பார்கள். கீழ் லயம் வழக்கம்போல. மேல் லயம் இன்றிலிருந்து எதிர்க்கட்சி.

"சும்மா நடிப்புதான். ஓட்டு வழக்கம்போல ஒரே எடத்துலதான். இதுக்கு யாருக்காச்சும் எதிர்ப்பு இருக்கா?"

ஒருவருக்கும் இல்லை. எதிர்க்கட்சி ஏகமனதாக நிறைவேறியது.

தலைவர் யார்? ஆண்கள் எல்லோரும் கோயில் மணியைப் பார்த்தார்கள். செல்லதுரையை எதிர்த்துப் பேசிப் பழக்கமுள்ள ஆள் அந்த மலையில் ஒருவர்தான். அவர் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார். சரோஜா. செல்லதுரையின் மனைவி.

"ஏன்டி, நீயா?"

"ஏன், சம்பளம் இல்லாம இத்தன வருசமா செய்யிற வேலதானே? மைக்கு வச்சா வேணாங்குதா?"

மேடைப்பேச்சை எழுதும் பொறுப்பு எனக்கு. படித்த ஆளாயிற்றே! ஜனநாயகம், சுதந்திர சிந்தனை, கிரேக்க நகரங்கள் எல்லாம் வருகிற மாதிரி பக்கம் பக்கமாக எழுதினேன். எழுதும்போதே எனக்குக் கண் கலங்கியது. சரோஜா வாசித்தார். அவருக்குக் கொட்டாவி வந்தது.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இதப் படிச்சா எங்க ஆளுகளே அந்தப் பக்கம் போயிருவாங்க."

கோவித்துக்கொள்ளாதது போல முகத்தை வைத்துக்கொண்டேன். அதுவும் ஒரு கலை.

அடுத்தது ஒத்திகை. செல்லதுரை நின்று, "நம்ம ஓட்டு நம்ம வேட்பாளருக்கே!" என்று முழங்க வேண்டும். மேல் லயத்து ஆட்கள் ஹூ என்று கத்த வேண்டும். முழங்கினார். மேல் லயம் படபடவென்று கை தட்டியது.

"கைய தட்டாதீங்க! கத்துங்க!"

மறுபடி முழங்கினார். மறுபடி கைதட்டல், முன்னைவிடப் பலமாக. அவர்கள் மேல் தப்பில்லை. செல்லதுரை பேசி முடித்தால் கை தட்டுவது மூளைக்குப் போகாமலே நடக்கிற காரியம், தும்மல் மாதிரி. பாட்டன் பூட்டன் காலத்துக் கையை ஒரு சாயங்காலத்தில் மாற்ற முடியுமா?

கடைசியில் சரோஜாதான் வழி சொன்னார். "கத்த வரலைன்னா விடுங்க. கைய மட்டும் இறுக்கிக் கட்டிக்கங்க. அதுகள அவுத்து விட்டாத்தான் தட்டுதுக."

விஷயம் பண்டாரவளைக்கு எட்டியது. 'கவலையே இல்ல' என்ற அதே ஆளும்கட்சி அமைப்பாளர் ஓடி வந்தார். எங்கே என்ன எட்ட வேண்டும் என்பதில் கீழ் லயத்து டீக்கடைக்காரருக்கு நிகர் கிடையாது. அமைப்பாளர் மேடையேறி, உறவையும் உரிமையையும் பற்றி உருக்கமாகப் பேசி முடித்துக் கைதட்டலுக்காக நிறுத்தினார்.

கீழ் லயம் தட்டியது.

மேல் லயம் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல், அவரையே பார்த்தது.

ஹூ என்று கத்தியிருந்தால் அவர் சமாளித்திருப்பார்; அது அரசியல்வாதிக்குப் பழகிய சத்தம். இது வேறு. மனுஷனுக்கு வியர்த்துவிட்டது — அந்தக் குளிரில். அப்போது சரோஜா எழுந்தார். காகிதம் இல்லை, கிரேக்க நகரங்களும் இல்லை.

"ஐயா, இவ்வளவு காலமும் நீங்க கேக்காமலே நாங்க ஓட்டுப் போட்டோம். அதனால, நாங்க கேட்டப்பவும் நீங்க கேக்காமலே இருந்துட்டீங்க. எம் பொண்ணு நெறமாசமா இருக்கா. அவள நாற்காலியில தூக்கிட்டு ஓடையில எறங்கச் சொல்றீங்களா? பாலம் யாருகிட்ட இருக்கோ, ஓட்டு அவங்களுக்கு. அவ்வளவுதான்."

கட்டியிருந்த கைகள் எல்லாம் அவிழ்ந்தன. கீழ் லயமும் சேர்ந்து தட்டியது. செல்லதுரையும் தட்டினார்... பிறகு சுதாரித்துக்கொண்டு இருமினார்.

அடுத்த நாளே அக்கரையில் ஒரு லொறி நின்றது. மணலும் சல்லியும். மீதி வெற்றிக்குப் பிறகு என்று தகவல்.

அந்த வாரமே பதுளையிலிருந்து எதிரணி அமைப்பாளர் வந்தார். அவருடைய கட்சி அந்தத் தோட்டத்தில் கால் வைத்ததே இல்லை. வழி கேட்டுக் கேட்டு, தவறிப்போய் வேறு இரண்டு தோட்டங்களில் பேசிவிட்டு, இங்கே வந்து சேர்ந்தார். ஓடைக்குக் குறுக்கே கிடந்த மரத்தில் ஏறி நடுவழி வந்தவர், இக்கரையில் நின்ற எங்களைப் பார்த்து வணக்கம் சொல்ல இரண்டு கையையும் தூக்கினார். அந்த மரத்தில் நடக்கும்போது கை இரண்டும் வேறு வேலைக்குத் தேவை என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

இடுப்பளவு தண்ணீரில், வெள்ளை வேட்டி குடை மாதிரி மிதக்க அவர் நின்றபோது சரோஜா என் காதில் சொன்னார்: "அண்ணே, இனி இவருக்குப் பேச்சு வேணாம். பிரச்சினை தன்னால வெளங்கிருச்சு."

மறுநாள் சீமெந்தும் கம்பியும் வந்தன. மீதி வெற்றிக்குப் பிறகு.

இதைத்தான் கவனிக்க வேண்டும். ஒருவர் மணல் தருகிறார், சீமெந்து தர மாட்டார். மற்றவர் சீமெந்து தருகிறார், மணல் தர மாட்டார். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் வெறும் வாக்குறுதி. செல்லதுரை இரண்டு குவியலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அத்தான், அவங்க மணல்ல இவங்க சீமெந்தக் கலந்தா... கொள்கைக்கு வெரோதம் இல்லையா?"

"தண்ணி யாரோடது?"

"ஓடைத் தண்ணி. நம்மளோடது."

"அப்பக் கலக்கு."

கலக்க ஆட்களும் தானாக வந்தார்கள். கொழும்பில் கட்டட வேலை செய்யும் தோட்டத்துப் பையன்கள் எல்லாம் ஓட்டுப் போட லீவு எடுத்து ஊர் வந்திருந்தார்கள். ஊரார் குடியிருக்க மாடி மாடியாகக் கட்டுகிறவர்கள். சொந்த ஓடைக்கு ஒரு பாலம் கட்ட முதல்முறையாகச் சாமான் கிடைத்திருக்கிறது, விடுவார்களா? மேல் லயமும் கீழ் லயமும் சட்டி கைமாற்றி நின்றன. கவிதா வாசலில் உட்கார்ந்து, வயிற்றில் கை வைத்தபடி, அண்ணன்மாரை விரட்டிக்கொண்டிருந்தாள். "சீக்கிரம் போடுங்க, எனக்கு முந்தி அது முடியணும்!"

தேர்தலன்று தோட்டப் பாடசாலைக்குப் போய் எல்லோரும் ஓட்டுப் போட்டார்கள். அன்று மாலை செல்லதுரை மறுபடி போன் பண்ணினார். குரல் இறங்கிப் போயிருந்தது.

"அத்தான், வழக்கமா ஓட்டுப் போட்டுட்டு வர்றவங்க என்னயப் பாத்து ஒரு தலையாட்டு ஆட்டுவாங்க. 'நீங்க சொன்னபடி போட்டாச்சு'ன்னு அர்த்தம். இன்னைக்கு ஒருத்தன் ஆட்டல. சிரிச்சுக்கிட்டே போறாங்க."

"மேல் லயமா?"

"கீழ் லயமும்தான்! நடிக்கச் சொன்னதே அவங்கள இல்லையே அத்தான். சரோஜாகிட்டக் கேட்டேன், 'யாருக்குடி போட்ட?'ன்னு. 'அது ரகசியம்'ங்கிறா. எங் கையால சோறு போட்டுக் குடுத்துக்கூடக் கேட்டுப் பாத்துட்டேன்!"

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. கட்சிக்காரன் நாளைக்குக் கேட்டால் என்ன சொல்வது? தன் தோட்டத்து ஓட்டு எங்கே போனது என்று தெரியாத முதல் தலைவர் அவர்தான். ஆனால் பாருங்கள், கட்சிக்காரர்களுக்கும் தெரியவில்லையே! ஜெயித்தவருக்கு அந்தத் தோட்டம் தனக்குப் போட்டதா என்று சந்தேகம். தோற்றவருக்கு, அடுத்த முறை போடுமோ என்று சபலம். முடிவு வந்த பிறகும் இரண்டு பக்கத்து ஆட்களும் விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். பாலத்துக்குக் கைப்பிடி ஒருவர் போட்டார். பெயின்ட் இன்னொருவர் அடித்தார்.

கவிதாவுக்கு வலி எடுத்த அன்று மழை சொல்லி மாளாது. ஓடை கரை தெரியாமல் ஓடியது. ஆட்டோ பாலத்தைத் தாண்டி லயத்து வாசலுக்கே வந்தது. அவள் தன் காலால் நடந்து ஏறி உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்திக்குப் பேர் வைக்கும் விசேஷம். போயிருந்தேன். சாப்பிட்டு முடித்து, செல்லதுரையும் நானும் பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்து நின்றோம். அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை. கேட்டுவிட்டேன்.

"மாப்ள, எல்லாரையும் விடு. நீ யாருக்குப் போட்ட?"

செல்லதுரை இரண்டு பக்கமும் பார்த்தார். என் பக்கமாக நெருங்கி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அத எப்படி அத்தான் இப்பவே சொல்றது? லயத்துக் கூரை இன்னும் ஒழுகுதே!"