ஏழாம் எண்ணுக்கு மட்டும் ஒரு சோதனை

ஏழு என்று எண்ணிட்ட பழுப்பு உறையை நான்தான் பிரித்தேன். அதுவரை எங்களுக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லை.

பழைய கணினிகளுக்கு நிரல் எழுதும் போட்டி அது. காரைக்காலில் ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து நடத்தினோம். தொலைக்காட்சியோடு இணைத்து ஓட்டும் அந்தக் காலத்து இயந்திரத்தில், ஒரே கிலோபைட்டுக்குள் ஒரு விளையாட்டை எழுதி முடிக்க வேண்டும். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரும் நானும் நடுவர்கள். பெயர் தெரியாமல், எண்ணை மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டோம். ஏழாம் எண்ணின் விளையாட்டில், அரசலாற்று முகத்துவாரத்து மணல்திட்டில் முட்டாமல் படகைக் கரைசேர்க்க வேண்டும். படகு என்பது திரையில் ஒரு வெள்ளைப் புள்ளிதான். ஆனாலும் அது முட்டியபோதெல்லாம் பேராசிரியர் உச்சுக்கொட்டினார். மூன்று பரிசுகளில் இரண்டாவது அதற்கு என்று முடிவானது.

உறைக்குள் இருந்தது, பக்கத்து ஊரான போலகத்து லாத்தாவின் பெயர். லாத்தா என்றால் எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்கா. இளவயதில் அவரும் நானும் ஒரே கணினிப் பயிற்சி மையத்தில் வேலை பார்த்தவர்கள். திருமணத்துக்குப் பிறகு அவர் வேலையை விட்டுவிட்டார். கணவர் துபாயில் பொறியாளர்.

"வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்திருப்பாரும்மா" என்றார் பேராசிரியர்.

லாத்தாவின் திறமையைப் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்தவள் நான். இருந்தும், "இருக்கலாம் சார்" என்றேன். அப்படிச் சொன்னதற்கு இன்றுவரை என்னிடம் காரணம் இல்லை.

பரிசளிப்பு விழா தொடங்குமுன் லாத்தாவைத் தனியே அழைத்து, எங்கள் எதிரில் நிரலில் ஒரு மாற்றம் செய்து காட்டச் சொன்னோம். கைப்பையை மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டார்.

"மத்த ரெண்டு பேரும் செஞ்சு காட்டிட்டாங்களா சார்?"

"அவங்களுக்குத் தேவைப்படலம்மா."

"அப்ப எனக்கும் தேவைப்படல. மூணு பேரையும் உக்கார வைங்க, நானும் உக்கார்றேன். என்னைய மட்டும்னா மாட்டேன். பரிசை நீங்களே வச்சுக்குங்க."

குரல் கொஞ்சமும் உயரவில்லை. பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். லாத்தா என்னைப் பார்த்தார்.

"அவங்க கேக்குறது சரி சார்" என்றேன். "மூணு பேரும் செய்யாம நான் முடிவுல கையெழுத்துப் போட மாட்டேன்."

விழா ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. மூவரும் உட்கார்ந்தார்கள். படகைக் காற்று ஒருபக்கமாகத் தள்ளும்படி லாத்தா மாற்ற வேண்டும்; இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு எழுந்தார். முதல் பரிசுக்காரரும் தன் பங்கை அழகாகச் செய்தார். மூன்றாமவர் தடுமாறினாலும் செய்துவிட்டார். வரிசை மாறவில்லை. லாத்தாவுக்கு இரண்டாம் பரிசுதான். அதில் அவருக்குக் குறையேதும் இருந்ததாகத் தெரியவில்லை.

மேடையிலிருந்து இறங்கியவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அதை வச்சு நான் என்ன பண்றது? விதியில எழுதுங்க" என்றார்.

அன்றே எழுதிக் காட்டினேன்: 'சோதனை வைத்தால், பெண்கள் உட்பட, பரிசுக்குரிய அனைவருக்கும் வைக்கப்படும்.'

லாத்தா நின்று நிதானமாக வாசித்தார்.

"'அனைவருக்கும்'னு சொன்னப்புறம் நாங்க எதுக்கு 'உட்பட'? அதுல நாங்க இல்லையா?"

பேனாவை என் கையிலிருந்து வாங்கி, அந்த இரண்டு சொற்களையும் அவரே அடித்தார். இந்த ஆண்டு அறிவிப்பிலும் விதி அவர் திருத்தியபடியேதான் இருக்கிறது.