தந்த கை

எங்கள் ஹோட்டலில் பிள்ளை பார்க்க ஆள் உண்டு என்று கனடாவுக்கு மின்னஞ்சல் எழுதியது நான்தான். எழுதிய நேரத்தில் அப்படி ஒருவரும் இங்கே இல்லை.

ஊர்காவற்றுறைக் கடலைப் பார்த்தபடி நிற்கும் இந்த ஹோட்டலில் பதினெட்டு அறைகளும் ஒரு கல்யாண மண்டபமும் உண்டு. வரவேற்பு மேசையில் இருப்பவள் நான், சயந்தினி. தர்சனா என்பவர் எழுதியிருந்தார்: தம்பியின் கல்யாணம் உங்கள் மண்டபத்தில், நான்தான் பொம்பிளைக்குப் பக்கத்தில் நிற்கும் தோழி, தாலி கட்டி முடியும்வரை மணவறையை விட்டு அசைய முடியாது. கணவருக்கு லீவு இல்லை, பதினான்கு மாதப் பிள்ளையோடு தனியே வருகிறேன். பிள்ளையை யார் பார்ப்பார்கள்? ஆளில்லை என்றால் யாழ்ப்பாண நகரத்தில் வேறு ஹோட்டலில் தங்குவாராம். வந்த சீதேவியைக் காலால் உதைப்பார்களா? "உண்டு" என்று எழுதிவிட்டேன்.

"நீர்தானே எழுதினீர், நீரே தேடும்" என்றார் மனேச்சர் சிவகரன்.

நான் நேரே லோண்டறிக்குப் போனேன். அங்கேதான் மாக்கிறேற் அக்கா ஆறு வருடமாகப் படுக்கை விரிப்புகள் துவைத்துக்கொண்டிருந்தார். எழுவைதீவில் பிறந்து ஊர்காவற்றுறையில் வாழ்க்கைப்பட்டவர். மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்து ஆளாக்கியவர். சவர்க்காரத்தில் விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்து, சோற்றில் கை வைத்தாலும் எரிகிறது என்பார். வேறு வேலை கேட்டு இரண்டு தடவை சிவகரனிடம் போய் வெறுங்கையோடு திரும்பியிருந்தார். இந்த முறை சிவகரன் வழிவிட்டார். கல்யாணம் பிசகில்லாமல் முடிந்தால் பிள்ளை பார்க்கும் வேலை அவருக்கே நிரந்தரம், ஏதும் குழப்பம் வந்தால் திரும்பவும் லோண்டறிதான் என்று கையோடு சொல்லியும் விட்டார்.

தர்சனா அனுப்பிய குறிப்பு இரண்டு பக்கம். பால் எத்தனை மணிக்கு, நித்திரை எத்தனை மணிக்கு, கச்சான் கடலை கண்ணிலும் காட்டக்கூடாது, போனும் அப்படித்தான். அத்தனையையும் வாசித்துத் தமிழில் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு அக்கா ஒன்றுதான் கேட்டார்.

"பிள்ளை அழேக்க ஆற்ற பேரைச் சொல்லி அழும்?"

அது குறிப்பில் இல்லை. கனடாவுக்குத் திரும்ப எழுதிக் கேட்டேன். "மம்மா" என்று பதில் வந்தது.

கல்யாணத்தன்று காலை பதினோராம் இலக்க அறையில், பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாகத் தர்சனா பிள்ளையை நீட்டினார். அக்கா உடனே வாங்கவில்லை.

"என்ர கையில தாங்கோ தங்கச்சி. திரும்பவும் உங்கட கையிலதான் தருவன்."

சும்மா ஒரு பேச்சு என்றுதான் நினைத்தேன். தீவுப் படகில் ஏறிப் பழகியவர்களுக்குத் தெரியும். பிள்ளையோடு ஏறும் தாய், உள்ளே இருக்கும் யாரோ ஒருவரின் மடியில் பிள்ளையை வைத்துவிட்டுச் சாமான் எடுக்க இறங்குதுறைக்குத் திரும்புவாள். தெரிந்தவரா தெரியாதவரா என்று பார்ப்பதில்லை. வாங்கியவர், தந்த கை திரும்பி வரும்வரை வேறு யார் கேட்டாலும் பிள்ளையைக் கொடுப்பதில்லை. பாலத்தால் பஸ்ஸில் போய்வருகிற எனக்கு இது கேள்விப்பட்ட கதை. எழுவைதீவில் பிறந்த அக்காவுக்கு அதுதான் சட்டம்.

பத்து மணியளவில் தர்சனாவின் தாய்மாமன் இராசநாயகம் மேசைக்கு வந்தார். லண்டன்காரர், பிறந்தது நயினாதீவு. மண்டபம் எடுத்துக் கல்யாணத்தை முன்னின்று நடத்துபவரும் அவர்தான். சால்வை தோளில் நிற்கவில்லை, முகம் சிவந்திருந்தது.

"மேல இருக்கிற மனுசி பிள்ளையைத் தரமாட்டன் எண்டு கதவைச் சாத்துறா! சனமெல்லாம் பிள்ளையைக் கேக்குது, படமெடுக்கிறவனும் பாத்துக்கொண்டு நிக்கிறான். ஆர் இஞ்ச பெரியாள்?"

பெரியாள் என் பின்னால்தான் நின்றார். "சாவியை எடுத்துக்கொண்டு போம்" என்றார் சிவகரன். நானும் போனேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் போனது உண்மை.

கதவைத் திறந்தால் அக்காவின் மடியில் பிள்ளை தேங்காய்ப்பூ ஒட்டிய வாயோடு புட்டுத் தின்றுகொண்டிருந்தது.

"அக்கா, அவர் சொந்த மாமா. குடுங்கோ" என்றேன்.

"சயந்தினி, பிள்ளையை நீர் தந்தனீரோ?"

"இல்லை."

"ஐயா, நீங்கள் தந்தனீங்களோ?"

"நான் அவளின்ர தாய்மாமன்!"

"ஓம் ஐயா. நீங்கள் நயினாதீவெண்டும் கேள்விப்பட்டனான். குறிகட்டுவான் துறையில லோஞ்ச் ஏறேக்க ஒருத்தி உங்கட மடியில பிள்ளையை வைச்சுப்போட்டுப் பை எடுக்கப் போறா. அதுக்குள்ள ஒருத்தன் வந்து, நான் மாமன், தா எண்டு கேட்டால் குடுப்பியளோ?"

அவர் நழுவிய சால்வையை இழுத்துத் தோளில் போட்டார்.

"அது லோஞ்ச். இது ஹோட்டல்" என்றார் கடைசியில்.

"ரெண்டிலயும் பிள்ளை பிள்ளைதானே ஐயா."

அவர் படியிறங்கினார். நானும் சாவியைப் பொத்திக்கொண்டு பின்னால் இறங்கினேன். கீழே மேளம் முழங்கியபோது மாமனின் படத்தில் பிள்ளை இல்லை. சிவகரன் என் பக்கம் குனிந்து, "நாளைக்கு விடிய அவவை லோண்டறிக்கு வரச்சொல்லும்" என்றார்.

ஆசீர்வாதம் முடிந்த கையோடு தர்சனா செருப்பும் போடாமல் மேலே ஓடி வந்து இரண்டு கையையும் நீட்டினார். பிள்ளை "மம்மா" என்று பாய்ந்தது. மாமன் வந்து போனதைச் சொன்னேன்.

"கீழ கொண்டு வந்திருந்தால் என்னைக் கண்டு குழறி அழுதிருப்பான். நான் மணவறையால எழும்பித்தான் இருப்பன்" என்றவர், அக்காவின் கையைப் பிடித்து அழுதுவிட்டார்.

அதைச் சிவகரனிடம் சொன்னேன். மண்டபம் எடுத்தவர் கோபித்துப்போனால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். லோண்டறி விஷயத்தை அக்காவிடம் சொன்னது நான்தான். அவர் சண்டை பிடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, தோல் உரிந்த விரல்களைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டார்.

மறுநாள் பெண்வீட்டாருக்கு விருந்து. காலையில் இராசநாயகம் தன் இரண்டு வயதுப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு வந்தார்.

"அந்த மனுசி எங்க?"

சிவகரன் ஓடி வந்து, அவரை அந்த வேலையிலிருந்து எடுத்தாயிற்று, நல்ல பயிற்சியுள்ள ஆளை ஒழுங்கு செய்கிறோம் என்றார்.

"ஒரு ஒழுங்கும் வேண்டாம். அவவைக் கூப்பிடும்."

அக்கா ஈரக் கையோடு வந்தார். இராசநாயகம் எல்லோருக்கும் முன்னால் பிள்ளையை அவரிடம் நீட்டினார். "நான்தான் தாறன். என்ர கையை வடிவாப் பாத்து வையும்."

அக்கா கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். சிவகரன் லோண்டறிக்கு வேறு ஆள் தேடும்படி என்னிடம் சொன்னார்.

மத்தியானம் விருந்து நடுவில் இராசநாயகத்தின் மனைவி பேத்தியைக் கூட்டிவர மேலே போனார். போன வேகத்திலேயே முகத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். இராசநாயகத்தின் இலையில் அப்போதுதான் பாயசம் விட்டிருந்தார்கள். மனிதர் பாயசத்தை விட்டு எழுந்து, கை கழுவி, மூச்சு வாங்க வாங்கப் படியேறினார். என்ன நடக்கப்போகிறது என்று பார்க்க நானும் பின்னால் போனேன்.

"தரமாட்டா எண்டு நான் அப்பவே சொன்னனானெல்லோ!" என்று படி நெடுகிலும் மனைவிக்குச் சொல்லிக்கொண்டே ஏறினார். இரண்டு நாளில் அவரை அவ்வளவு சந்தோசமாக நான் பார்க்கவில்லை.

அக்கா பிள்ளையோடு அறை வாசலில் நின்றார்.

"கையை நீட்டுங்கோ ஐயா, பாப்பம்."

இராசநாயகம் இரண்டு கையையும் நீட்டினார்.