மூக்கில் கிளிப் மாட்டிய பறவை

"நாளைக்கு நாம எல்லாரும் ஏரிக்குப் போறோம்" என்று நான் சொன்னதும் ஐந்தாம் வகுப்பு மொத்தமும் சிரித்தது. முன்வரிசைப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பின்வரிசையில் ஒருத்தி மேசைக்கடியில் குனிந்தே போய்விட்டாள். எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. திருச்செங்கோட்டுப் பக்கத்து எங்கள் ஊரில் காலையில் ஒருவர் "ஏரிக்குப் போயிட்டு வாரேன்" என்றால் கையில் சொம்போடு போகிறார் என்று பொருள். வீட்டுக்கு வீடு கழிப்பறை வந்த பிறகும் அந்தப் பேச்சு போகவில்லை. பின்லாந்தில் பதினோரு வருடமாக இதே வாக்கியத்தைப் பிள்ளைகளிடம் சொல்லிவருகிறேன். அங்கே அவர்கள் ரப்பர் பூட்ஸை எடுக்க ஓடுவார்கள். ஒரே சொல்லுக்கு ஒரு ஊரில் பூட்ஸ், இன்னொரு ஊரில் சொம்பு. இரண்டுக்கும் நடுவில் கையில் சாக்பீஸோடு நின்றேன்.

அப்பாவின் கண் அறுவைச் சிகிச்சைக்காகப் பொங்கலை ஒட்டி இரண்டு மாத விடுப்பில் வந்திருந்தேன். சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. எல்லோருக்கும் வேலை இருந்தது, எனக்கு மட்டும் விருந்தாளி உபசாரம். எழுந்து ஒரு டம்ளரைக் கழுவினால்கூட "நீ உக்காரு அம்மணி" என்றார்கள். அந்த நேரத்தில்தான் என்னோடு பள்ளியில் படித்த சுகந்தி கூப்பிட்டாள். இப்போது அவள் ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியை. "அங்க புள்ளைங்களுக்கு ஏரி, பறவைன்னு என்னமோ சொல்லித் தாரியாமா. இங்கயும் வந்து சொல்லேன். ஆண்டு விழாவுக்கு எதையாச்சும் செஞ்சு வெச்சாப்பலயும் இருக்கும்" என்றாள். மறுநாளே போய் நின்றேன்.

தாம்பெரே என்னும் நகரத்தில், பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் குழு ஒன்றில் எனக்கு வேலை. அந்த நகரமே இரண்டு பெரிய ஏரிகளுக்கு நடுவில் இருக்கிறது. பின்னிஷ் மொழியில் ஏரிக்கு 'யார்வி' என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், உடன் வேலை செய்யும் பைவி என்ற பெண்மணி, "உங்கள் ஊர் யார்வியில் என்னென்ன விலங்குகள் உண்டு?" என்று கேட்டார். மொழியை அரைகுறையாகக் கற்றிருந்த நான் யோசிக்காமல் "ஆடு, மாடு, எருமை" என்றேன். "மாடு நன்றாக நீந்துமா?" என்றார் அவர். "நீந்தாது. ஏரியில் தண்ணீர் இருக்காது. புல் மேயும்" என்றேன். "தண்ணீர் இல்லாததை ஏன் ஏரி என்கிறீர்கள்?" என்று அவர் கேட்டதற்கு இன்றுவரை என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மழை வந்தால் நிரம்பும், வராவிட்டால் கிரிக்கெட் ஆடலாம், இரண்டு நிலையிலும் அது ஏரிதான் என்பதை எந்த இலக்கணத்தில் சொல்வது?

அங்கே நாங்கள் புத்தகத்தைத் திறப்பதில்லை. 'குய்க்கா' என்றொரு நீர்ப்பறவை உண்டு. முழுகி மீன் பிடிப்பதற்காக அதன் கால்கள் உடம்பின் கடைசியில் இருக்கும். அதனால் தரையில் அதற்கு நடக்க வராது. இதைச் சொல்லித் தர, பிள்ளைகள் வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு காலால் உந்தி ஊர்வார்கள். உடையெல்லாம் சேறாகும், பெற்றோர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். ஓர் உயிர் தன் இடத்துக்கேற்ப உடம்பையும் பழக்கத்தையும் மாற்றிக்கொள்வதைத் தமிழில் தகவமைப்பு என்கிறோம். பின்னிஷில் அதற்கு 'சொபெயுதுமினென்' என்ற சொல்லைப் பயன்படுத்துவார்கள். அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது ஏரிக்கரையில் அல்ல, ஓர் அலுவலகத்தில். "இந்த நாட்டுக்கு நீங்கள் சொபெயுதுமினென் ஆகிவிட்டீர்களா?" என்ற பொருளில் ஓர் அதிகாரி கேட்டார். ஆகிவிட்டேன் என்றேன். பிறகு குய்க்காவின் கால்களுக்கும் அதே சொல்லைக் கேட்டபோதுதான், ஓர் இடத்துக்குப் பொருந்தினால் இன்னோர் இடத்தில் நடக்க வராமல் போகலாம் என்பது உறைத்தது.

சொன்னபடி பிள்ளைகளோடு எங்கள் ஊர் ஏரிக்குப் போனேன். இந்த முறை அதில் தண்ணீர் கிடந்தது. பாதியை ஆகாயத்தாமரை மூடியிருந்தது. மேற்குக் கரையில் ஒரு சேகோ மில் இருக்கிறது. மரவள்ளிக் குச்சிக்கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்கிற ஆலை அது. அதன் கழிவுநீர் வந்து விழுகிற மூலையில் நுரையும் ஒரு புளித்த நாற்றமும் இருந்தன. ஆனாலும் பறவைகள் இருந்தன. முக்குளிப்பான் முழுகி முழுகி எழுந்தது. நெடுங்கால் உள்ளான்கள் சிவந்த குச்சிக்கால்களோடு சேற்றில் நடந்தன. நீண்ட விரல்களைப் பரப்பி இலைகளின் மேல் நடந்த தாமரைக்கோழியைக் காட்டினேன். காய்ந்த தென்னை மட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு பிள்ளைகள் சேற்றில் நடந்து பார்த்தார்கள். மட்டை கட்டியவர்கள் அமிழவில்லை, கட்டாதவர்கள் முழங்கால் வரை போனார்கள். ஒரு சட்டிக்குள் பொரியை மிதக்கவிட்டு இடுக்கி, கரண்டி, துணி கிளிப் என்று ஆளுக்கொரு அலகு கொடுத்தேன். எந்த அலகுக்கு இரை அதிகம் கிடைக்கிறது என்று அவர்கள் போட்ட சத்தத்தில் உள்ளான்கள் எல்லாம் பறந்துவிட்டன.

அடுத்த நாள் வகுப்பில், இந்த ஏரியில் பிழைக்கக்கூடிய ஒரு புது உயிரை அவரவரே செய்ய வேண்டும் என்றேன். தறிப் பட்டறையிலிருந்து காலி நூல் கோன்கள், கொட்டாங்குச்சி, விளக்குமாற்றுக் குச்சி எல்லாம் வந்து குவிந்தன. தர்ஷினி என்ற பெண் கொட்டாங்குச்சி உடம்புக்கு நீளமான குச்சிக்கால்கள் வைத்தாள். கோன் ஒன்றை அலகாக ஒட்டி, அதன்மேல் ஒரு நீலத் துணி கிளிப்பை மாட்டினாள். எதற்கு என்று கேட்டேன். "நாத்தம் வாரப்ப கிளிப்பை மாட்டிக்குமுங்க டீச்சர். இல்லாதப்பக் கழட்டிக்கும்" என்றாள். பதினோரு வருடத்தில் எந்தக் குழந்தையும் எனக்கு இப்படி ஒரு தகவமைப்பைச் செய்து காட்டியதில்லை. தாம்பெரேயில் அதற்குத் தேவையும் வரவில்லை.

அதைப் பார்த்ததும் சுகந்திக்கு முகம் மாறியது. ஆண்டு விழாவுக்குத் தலைமை விருந்தாளி அந்த சேகோ மில்லின் முதலாளிதான். பள்ளியின் குடிநீர் இயந்திரமும் பெஞ்சுகளும் அவர் கொடுத்தவை. தர்ஷினியின் அம்மா செல்வி அந்த மில்லில்தான் கிழங்குத் தோல் உரிக்கிறாள். "கிளிப்பை மட்டும் எடுத்தரலாமே மாலதி" என்றாள் சுகந்தி. செய்தவளைத்தான் கேட்க வேண்டும் என்றேன் நான். தர்ஷினி மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "எடுத்துட்டா அதுக்கு மூச்சு முட்டுமுங்க." சுகந்தி பெருமூச்சு விட்டு, பறவையைக் கடைசி வரிசையில், ஒரு யானைக்குப் பின்னால் வைத்தாள். ஏரியில் யானை எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை.

விழா அன்று மில்காரர் கடைசி வரிசை வரைக்கும் வந்தார். "இதென்ன சாமி, மூக்குல?" என்று குனிந்து கேட்டார். தர்ஷினி எனக்குச் சொன்ன அதே பதிலை அவருக்கும் சொன்னாள். என்ன நாற்றம், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று விளக்கவும் செய்தாள். அவர் சத்தமாகச் சிரித்தார். "மூளைக்காரப் புள்ளைங்க! இதை நானே ஆபீசுல வெச்சுக்கறேன்" என்று பறவையைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார். எல்லோரும் கை தட்டினார்கள். தர்ஷினி தட்டவில்லை.

இரண்டு நாள் கழித்துச் செல்வி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "ஏனுங்கக்கா, அந்தக் குருவியைப் போய் வாங்கியாந்துருங்க. ஆபீசுல கண்ணாடி அலமாரி மேல வெச்சிருக்காங்க. வாரவங்க போறவங்க எல்லாம் ஆரு செஞ்சதுங்கறாங்க. மேஸ்திரி என்னையக் கை காட்டறாரு. அது அங்க இருக்கற வரைக்கும் எனக்கு வேலை நெலைக்காதுங்க" என்றாள். நானே அவரிடம் பேசுகிறேன், அரசாங்கத்துக்கு எழுதக்கூடச் செய்யலாம் என்று ஆரம்பித்தேன். அவள் பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க ஒண்ணும் எழுதீராதீங்க சாமி. நீங்க பிளேன் ஏறிருவீங்க. நாங்க இங்கதான இருக்கோணும்." கோபமே இல்லாமல் சொன்னாள். அதனால்தான் இன்னும் அது என்னை விட்டுப் போகவில்லை.

தர்ஷினியையும் கூட்டிக்கொண்டு மில்லுக்குப் போனேன். களத்தில் ஜவ்வரிசி வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் மில்காரர் எழுந்து வெளியே வந்தார். "வாங்கம்மணி. நீங்க வருவீங்கன்னு தெரியும். வாங்க, காட்டறேன்" என்று விறுவிறுவென்று பின்பக்கம் நடந்தார். எதைக் காட்டப் போகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. பாதி கட்டி நின்றுபோன ஒரு பெரிய தொட்டியின் விளிம்பில் போய் நின்றார். உள்ளே எருக்கஞ்செடி முளைத்திருந்தது. "கழிவுத் தண்ணியைச் சுத்தம் பண்றதுக்குத்தான் இது. கட்டாம ஒண்ணும் உடலை. நீங்க பாட்டுக்கு வெளிநாட்டுல இருந்து வந்து போன்ல படம் புடிச்சுப் போட்டுட்டுப் போயிருவீங்க. அதுக்கு முன்னால இதையும் ஒருக்காப் பாத்துக்கங்க."

"நான் படம் புடிக்க வரலைங்க. பாப்பா பறவையைத் திருப்பிக் கேக்கறா. அதை வாங்கிட்டுப் போகத்தான் வந்தோம்."

அவர் என்னை நம்பவில்லை. "அதுக்கு மட்டுமுங்களா?" என்றார். நான் தலையாட்டினேன். அவருடைய முகத்தில் முதலில் நிம்மதி, அதன் பின்னால் ஏதோ ஒரு சங்கடம். தேவையில்லாமல் தொட்டியைக் காட்டிவிட்டோமே என்று நினைத்திருக்கலாம். அதற்குள் தர்ஷினி தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டாள். "இது எப்பங்க முடியும்?"

அவர் தொட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "மழைக்கு முன்னால முடிச்சரலாம் சாமி" என்றார். ஆபீசுக்குள் போய்ப் பறவையை அவரே எடுத்து வந்தார். அதன்மேல் படிந்திருந்த மாவைத் துண்டால் துடைத்துத்தான் அவள் கையில் கொடுத்தார். வெளியே வரும்போது தோல் உரிக்கிற பெண்களின் வரிசையிலிருந்து செல்வி எங்களைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உடனே கத்தியோடு அடுத்த கிழங்கின் மேல் குனிந்துகொண்டாள்.

விடுப்பு முடிகிற வரைக்கும் எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. பைவியிடம் போனில் சொன்னபோது, "நகராட்சிக்கு எழுதுங்கள், அவ்வளவுதானே" என்றார். அவர் ஊரில் அது அவ்வளவுதான். எழுதினால் யாருடைய அம்மாவுக்கும் வேலை போகாது. எழுதாமல் விட்டது சரியா என்று விமானத்தில் ஒரு பக்கமும், எழுதியிருந்தால் செல்விக்கு என்ன ஆகியிருக்கும் என்று மறுபக்கமும் புரண்டுகொண்டே வந்தேன். ஊரில் இருக்கிறவர்களுக்கு இது என் சாக்குப்போக்கு போலத் தெரியலாம். வெளியில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், நமக்குக் கிடைத்த பாதுகாப்பை ஊருக்குப் பெட்டியில் வைத்து எடுத்துப் போக முடியாது.

மார்ச் மாதம் தாம்பெரேயில் ஏரி இன்னும் உறைந்தே கிடந்தது. பிள்ளைகளைப் பனிக்கட்டியின் மேல் கூட்டிப்போய், துளை போட்டு, அடியில் மீன்கள் எப்படி மெதுவாக மூச்சு விடுகின்றன என்று சொல்லிக்கொண்டிருந்தபோது சுகந்தியின் எண்ணிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. தொட்டிக்கு ஒரு சுவர் எழும்பியிருக்கிறது, நாற்றம் இன்னும் நிற்கவில்லை, செல்விக்கு வேலை இருக்கிறது என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனைத் தர்ஷினியிடம் கொடுத்தாள். "எங்க ஏரியில தண்ணி கொறஞ்சு போச்சுங்க டீச்சர், பாருங்க" என்று அவள் திரையைத் திருப்பினாள். நம்ம ஏரி என்று அவள் சொல்லவில்லை. தமிழில் 'நம்ம' என்றால் கேட்கிறவரும் உள்ளே, 'எங்க' என்றால் கேட்கிறவர் வெளியே. பின்னிஷில் இரண்டுக்கும் 'மெய்தேன்' என்ற ஒரே சொல்தான். பக்கத்தில் நின்ற ஒரு சிறுமி திரையை எட்டிப் பார்த்து, "அது யாருடைய ஏரி?" என்று தன் மொழியில் கேட்டாள். "மெய்தேன்" என்றேன்.

"இப்ப என்னங்க சொன்னீங்க?" என்றாள் தர்ஷினி.

"நம்ம ஏரின்னு சொன்னேன் சாமி."

"எந்த ஏரியைங்க? எங்களதையா, நீங்க நிக்கறதையா?"

திரையில் பழுப்புத் தண்ணீர் வெயிலில் மினுங்கியது. அதன் மூலையில் சின்னக் கட்டத்துக்குள் கம்பளித் தொப்பி போட்ட என் முகம். கீழே பனிக்கட்டி லேசாக முனகியது. பதில் சொல்வேன் என்று இரண்டு பெண்பிள்ளைகளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.