மயிலம்மாளுக்குக் கிடைத்த விருது

மயிலம்மாள் உத்தியோகம் பார்க்கும் டீச்சர் அல்ல. எட்டாவதோடு படிப்பு நின்றுபோன, மலையிலேயே பிறந்து மலையிலேயே வாழ்க்கைப்பட்ட பெண். அரியூர் நாடு எனப்படும் மலைப்பகுதியில் ஓடைக்காட்டுப்பட்டி என்ற சிற்றூரில் அவருக்கும் கணவர் செல்லமுத்துவுக்கும் சரிவில் கொஞ்சம் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காடும் பள்ளத்தில் ஒரு வயலும் இருந்தன. அறிவொளி இயக்கம் மலையேறி வந்தபோது பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தார். இயக்கத்தின் வேகம் அடங்கிய பிறகும் பள்ளிக்கூட வராந்தாவில் அவருடைய சாயங்கால வகுப்பு மட்டும் நிற்கவில்லை.

நாமக்கல் தனி மாவட்டமான வருஷம், 1997, அங்கிருந்து குணசேகரன் என்ற ஒருங்கிணைப்பாளர் வந்தார். சுற்றுச்சூழல் கல்வி என்று ஒரு திட்டம் வைத்திருந்தார். "எழுத்தோட நிறுத்த வேண்டாங்க. உங்க மண்ணு, ஓடை, காடு, இதையே பாடமா வையுங்க" என்றார்.

மயிலம்மாளுக்கு அது பிடித்துப்போயிற்று. பெண்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஓடையோரம் நடந்தார். மழை பெய்யும்போது யார் காட்டு மண் எங்கே போகிறது என்று நின்று பார்க்க வைத்தார். சரிவுக்குக் குறுக்கே வரப்புப் போட்டால் மண் நிற்கும் என்பதைக் காட்டத் தன் காட்டிலேயே போட்டார். "பாடத்துக்கு உனக்கு என்ற காடுதான் கிடைச்சுதா?" என்று செல்லமுத்து முணுமுணுத்தாலும், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வந்தவரும் அவர்தான்.

ஊருக்கு மேலே ஒரு வெள்ளைக்கல் குவாரி இருந்தது. சமவெளியிலிருந்து வந்த கீழ்நாட்டுக்காரர் ஒருவர் எடுத்து நடத்தினார். கல்லை எடுக்க மேல்மண்ணை வழித்துச் சரிவில் தள்ளுவார்கள். மழைக்கு அது கரைந்து ஓடையில் இறங்கும். வயலில் நாற்றை மூடும். குடிக்க எடுக்கும் தண்ணீரை நாள் கணக்கில் தெளியவிட வேண்டும். ஆனால் ஊர் ஆண்களில் பாதிப் பேருக்கு அந்தக் குவாரியில்தான் வேலை. மயிலம்மாளின் தம்பி காத்தான் அங்கே லாரிக்குக் கல் ஏற்றினான். கூலிக்கு மலையை விட்டு இறங்காமல் வாராவாரம் சம்பளம் வாங்கியது அந்தக் குடும்பத்தில் அவன்தான் முதல். அவன் மனைவி பொன்னம்மாளுக்கு அதில் ஒரு பெருமை உண்டு.

1999 ஆடியில், வகுப்புப் பெண்கள் ஒரு காரியம் செய்தார்கள். மழை விட்டதும் குவாரிக்கு மேலே ஓடும் தண்ணீரையும் கீழே ஓடும் தண்ணீரையும் தனித்தனிக் கண்ணாடி பாட்டில்களில் பிடித்து அசையாமல் வைத்தார்கள். ஒன்றின் அடியில் கொஞ்சம் மணல். மற்றொன்றில் பாதி பாட்டில் சேறு. செம்மேட்டில் நடக்கும் வல்வில் ஓரி விழாவில் கண்காட்சி உண்டு. அங்கே இவற்றை வைப்பது என்று முடிவாயிற்று.

விழாவுக்கு முந்தின நாள் காத்தான் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, இதைச் செம்மேட்டுக்குக் கொண்டுபோகாத."

"ஏண்டா? தண்ணி கெட்டுப்போனது உனக்குத் தெரியாதா?"

"தெரியும். எங்க ஊட்லயும் அதையேதான் குடிக்கறோம். ஆனா அதிகாரிங்க வருவாங்க. குவாரிய நிறுத்திப்போட்டா நாங்க என்ன பண்றது?"

"நிறுத்த மாட்டாங்கடா. மண்ணை ஓடையில தள்ளாதேன்னு சொல்லுவாங்க. அவ்வளவுதான்."

அவர் அதை நம்பித்தான் சொன்னார்.

கண்காட்சிக்கு வந்த அதிகாரி ஒருவர் பாட்டில்களின் முன்னால் வெகுநேரம் நின்றார். எந்த ஊர்த் தண்ணீர் என்று கேட்டார். ஐப்பசிக்குள் ஜீப்புகள் வந்தன. அளந்து பார்த்ததில் குவாரிக்காரர் அனுமதி பெற்ற எல்லையைத் தாண்டி வெட்டியிருந்தது தெரிந்தது. மண்ணைச் சரியாகக் கொட்டு என்று சொல்வதோடு விடவில்லை. குவாரியையே மூடினார்கள்.

ஓடை தெளிந்தது. ஊர் இரண்டாயிற்று. வகுப்புக்கு வந்த பெண்களில் பலர் நின்றுவிட்டார்கள். பாட்டில் தூக்கிக்கொண்டு செம்மேட்டுக்கு வந்தவர்களே, வீட்டில் அடி வாங்கிக்கொண்டு, மயிலம்மாளைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். ஆண்கள் சிலர் கேரளாவுக்கு மிளகுத் தோட்ட வேலைக்குப் போனார்கள். காத்தான் போர்வண்டியில் சேர்ந்தான். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஆழ்குழாய்க் கிணறு போட வடக்கே போகும் அந்த லாரிகள் கிளம்பினால் திரும்பி வர மாதக் கணக்காகும்.

மத்தியப் பிரதேசத்தில் எங்கோ ஓரிடத்தில், இரும்புக் குழாயை மாட்டும்போது பிடி நழுவி, அவனுடைய வலது கை இரண்டு குழாய்களுக்கு நடுவில் சிக்கியது. அங்கே கட்டுப் போட்டு, ரயிலேற்றி அனுப்பினார்கள். ஊருக்கு வந்தபோது கட்டைவிரல் மட்டும் இருந்தது.

மயிலம்மாள் ஓடிப்போய்ப் பார்த்தார். பொன்னம்மாள் கதவோரம் நின்றுகொண்டு, "வாங்க அண்ணி" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் பதிலுக்கு அழவாவது செய்திருக்கலாம்.

விருதுச் செய்தி வந்தது அதற்கடுத்த வருஷம். சென்னையில் இருந்த ஓர் அறக்கட்டளை, சுற்றுச்சூழல் கல்வியில் சிறந்த பணிக்காக மாநிலத்தில் சிலரைத் தேர்ந்தெடுத்திருந்தது. மயிலம்மாளின் பெயரை அனுப்பியவர் குணசேகரன். சேதி சொல்ல அவரே பஸ் ஏறி வந்தார். மயிலம்மாள் கிழங்குக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கு வேண்டாங்க" என்றார், நிமிராமலே.

"ஏனுங்க இப்படிச் சொல்றீங்க?"

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போயி வாங்கறது? என் தம்பி சோத்தப் பெசஞ்சு திங்க முடியாம உக்காந்திருக்கான்."

குணசேகரன் வரப்பில் உட்கார்ந்தார். நல்ல மனுஷர். ஆனால் அவருக்கும் ஒரு கணக்கு இருந்தது. "குவாரிக்காரர் மறுபடி அனுமதி கேட்டு எழுதியிருக்காருங்க. நீங்க விருது வேண்டாம்னா, அந்தம்மாவே தப்புன்னு ஒத்துக்கிட்டாங்கன்னு சொல்லுவாங்க. மறுபடி ஓடையில மண்ணு இறங்கும். அதுக்குச் சம்மதமா?"

மயிலம்மாள் களைக்கொத்தைப் போட்டுவிட்டு நேரே தம்பி வீட்டுக்குப் போனார். காத்தான் வெளியே போயிருந்தான். பொன்னம்மாள் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொல்லிவிட்டு, "நீ சொல்லு பொன்னா. நீ போகவேண்டாம்னா நான் போகல" என்றார்.

பொன்னம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"நீங்க வாங்கலீன்னா அவரு கை வந்துருமா?"

"இல்ல..."

"அப்புறம் என்னையக் கேட்டா? போனாலும் நான் சொல்லித்தான் போனீங்கன்னு ஆகும், போகாட்டியும் நான் சொல்லித்தான்னு ஆகும். அந்தப் பாரத்த எந்தலையில எறக்காதீங்க அண்ணி. நீங்க தொடங்குனது, நீங்களே முடிவு பண்ணிக்கோங்க."

மயிலம்மாள் போனார்.

சேலத்தில் ஒரு மண்டபத்தில் விழா. பொன்னாடை போர்த்தி, கேடயம் கொடுத்து, பாராட்டுரை வாசித்தார்கள். ஊர் மக்களின் ஒத்துழைப்போடு ஓடையை மீட்டவர் என்று அதில் இருந்தது. ஒத்துழைப்பு என்ற சொல் வந்தபோது அவர் தரையைப் பார்த்தார். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்கை அவர் உயரத்துக்கு இறக்கிவிட்டார்கள்.

"குவாரி நின்னது சரிதானுங்க. அதுல எனக்கு மாத்துப் பேச்சு இல்ல. எங்க ஓடையில இன்னிக்கு அடி மணல் தெரியுது. ஆனா தண்ணியப் பத்தி அத்தனை பாடம் நடத்துன நாங்க, அந்த வேலைய நம்பியிருந்த ஊட்டுல நாளைக்கு அடுப்பு எப்படி எரியும்னு ஒரு நாள்கூடப் பேசல. எங்க ஊரு ஆம்பளைங்க நெறையப் பேரு இப்ப மலையில இல்லீங்க. என் தம்பி போர்வண்டிக்குப் போயி கையக் குடுத்துட்டு வந்திருக்கான். இந்தப் பாராட்டுல அதையும் சேத்து எழுதோணுமுங்க. இல்லாட்டி இது பாதிப் பாடந்தான்."

யாரோ கை தட்டத் தொடங்கி, மற்றவர்கள் தட்டாததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். அடுத்தவர் பெயரை அழைத்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் குணசேகரன், ராசிபுரம் தாண்டியதும், "அங்க அதைச் சொல்லியிருக்க வேண்டாங்க" என்றார்.

"வேற எங்கீங்க சொல்றது?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பத்திரிகையில் மயிலம்மாளின் படம் வந்தது. அவர் பேசியது அதில் வரவில்லை. யாரோ அதைக் கத்தரித்து டீக்கடைச் சுவரில் ஒட்டினார்கள். மறுநாள் காலையில் பாதி கிழிந்திருந்தது. ஆனால் மேடையில் என்ன பேசினார் என்பது, குணசேகரன் யாரிடமோ சொல்லி, சுற்றிச் சுற்றிக் காத்தானிடம் வந்து சேர்ந்தது. தம்பிக்கு மனம் ஆறும் என்று மயிலம்மாள் எதிர்பார்த்திருந்தார். அவன் வந்ததோ கண் சிவந்து.

"என் கையப் பத்தி மேடையில பேசச் சொல்லி உன்னை ஆரு கேட்டா?"

"உனக்காகத்தான்டா பேசினேன்..."

"எனக்காகவா? ஓடைத் தண்ணியக் காட்டுனே. இப்ப என்னையக் காட்டுறே. நான் என்ன உன்ற பாட்டிலா அக்கா, எல்லார்த்துக்கும் தூக்கிக் காட்ட?"

செல்லமுத்து அவனைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். அவன் கையை உதறிவிட்டுப் போனான். அன்றைக்கு மயிலம்மாள் வகுப்பு எடுக்கப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. சொன்னதும் தப்பு, சொல்லாமல் விட்டிருந்தாலும் தப்பு என்றால், வாயைத் திறப்பதே எதற்கு என்று இருந்தது.

அவரைத் திரும்ப எழுப்பியது விருது அல்ல, குவாரிப் பள்ளம்தான். குவாரிக்காரருக்கு மறுபடி அனுமதி கிடைக்காமல் அது அப்படியே கிடந்தது. சரிவில் கொட்டிய மண் இன்னும் அங்கேதான் நின்றது. பெருமழை வந்தால் மொத்தமாக இறங்கிவிடும். மயிலம்மாள் குணசேகரனை விடாமல் நச்சரித்தார். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். விருது வாங்கியவர் என்பதால் உட்காரச் சொன்னார்கள், அந்த மட்டில் அது உதவியது. கடைசியில் நீர்ப்பிடிப்புத் திட்டம் ஒன்றில் சேர்த்து, கல் வரப்புக் கட்டவும் மரம் நடவும் ஒப்புதல் கிடைத்தது. குவாரியில் வேலை பார்த்தவர்களுக்கே முதலில் வேலை என்று அவர் பிடிவாதமாக நின்றார். ஊரில் மிச்சமிருந்தவர்கள் வந்தார்கள். இரண்டு மழைக்காலம் வேலை ஓடியது, பிறகு திட்டம் முடிந்தது. கேரளாவுக்குப் போனவர்கள் திரும்பவில்லை.

காத்தானை மேஸ்திரியாகப் போட்டார்கள். அவன் வந்தான், வேலை வாங்கினான், கணக்காகச் செய்தான். அக்காவிடம் வேலையைப் பற்றி மட்டும் பேசினான். பொன்னம்மாள் விசேஷங்களுக்கு வந்து போனாள். அதற்கு மேல் ஒட்டவில்லை.

2003இல் மலையின் இன்னொரு பகுதியான பைல் நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அங்கே ஒரு சரிவில் குவாரி வரப்போகிறதாம், விருது வாங்கிய அம்மா வந்து பேச வேண்டுமாம். மயிலம்மாள் போனார். கோயில் முன்னால் நல்ல கூட்டம். அவர் ஓடையைப் பற்றிப் பேசுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"இந்தக் குவாரிக்கு வேலைக்குப் போகலாம்னு இருக்கறவங்க ஆருங்க?" என்றுதான் தொடங்கினார்.

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. "நம்மளக் காட்டிக்குடுக்க வந்துருச்சா இந்தம்மா?" என்றார் ஒருவர். இன்னொருவர், "வெல போயிட்டாங்கப்பா" என்று பக்கத்தில் இருந்தவரிடம் எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார். மயிலம்மாளின் முகம் சிறுத்தது. ஆனால் அதே கேள்வியைத் திரும்பவும் கேட்டார்.

பின்னால் மரத்தடியில் நின்ற ஒருவர் மெல்லக் கையைத் தூக்கினார். சட்டை தோளில் கிழிந்து தைத்திருந்தது.

"நான் போறதா இருக்கேனுங்க. தப்புங்களா?"

"தப்பில்லீங்க. இங்க முன்னால வந்து உக்காருங்க. உங்ககிட்ட இருந்துதான் ஆரம்பிக்கோணும்."

அவர் தயங்கினார். கூட்டம் வழிவிடுவதா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தது. மயிலம்மாள் தன் பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.