கூஜாவைக் கீழே போடு

"ஆமாம் சார், நானும் படிச்சிருக்கேன்" என்று இன்று மாலை நான் சொல்லவில்லை.

தாம்பரம் போகும் மின்சார ரயிலில் எதிரே எங்கள் சேலையூர்த் தெரு ஜெயராஜ் அண்ணா, பள்ளி ஆசிரியர். பேச்சு குடைவீரனுக்குப் போயிற்று. சின்ன வயதில் வாராவாரம் தோழிகள் நாம் அடித்துக்கொண்டு படித்த அதே சித்திரக்கதைதான். குடையை விரித்துப் பறப்பான். தும்மினால் கோட்டைச் சுவர் விழும். மந்திரவாதியின் சக்தியெல்லாம் ஒரு கூஜாவில் இருக்கும்.

அண்ணா தன் குடையை உயர்த்தி, பெட்டி முழுதும் கேட்க, "டேய், கூஜாவைக் கீழே போடுடா!" என்றார்.

நான் மட்டும் சிரித்தேன். இந்த எமர்ஜென்சியில், கூஜா தூக்குகிறவர்களைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

கதவோரம் நின்றிருந்தவர் அருகில் வந்தார்.

"யாரச் சொன்னீங்கோ சார்?"

"மந்திரவாதிய."

"எந்த மந்திரிய?"

"ஐயோ, மந்திரி இல்ல சார், மந்திரவாதி! சித்திரக்கதை. இந்தத் தங்கச்சியையே கேளுங்க, அதுவும் படிச்சிருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியே சானடோரியம் ஸ்டேஷனைப் பார்த்தேன்.

"பேரு இன்னா சார்? எங்க வேல?"

தோழிகளே, குடைவீரனை உங்களுக்கு நினைவிருந்தால் வழக்கம்போல, நமக்குள் கைமாறி வரும் இந்தக் கையெழுத்துத் தாளின் ஓரத்தில் எழுதுங்கள். இந்த முறை பெயர் மட்டும் போட வேண்டாம்.

தாம்பரத்தில் அண்ணாவும் அந்த ஆளும் சேர்ந்தே இறங்கினார்கள். இதை எழுதும்வரை அண்ணா வீடு திரும்பவில்லை.